ஷென்ஜென்: கோபுரங்களைத் தாங்கிய கிராமங்கள்

ஷென்ஜென் நகரைப் பற்றிய கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே வாசகத்தில்தான் தொடங்குகின்றன: நாற்பது ஆண்டுகளுக்கு முன் வெறும் மீன்பிடிக் கிராமமாக இருந்த இடம் இன்று உலகப் பெருநகரம். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே வசிப்பவர்கள் 1 கோடியே 75 லட்சத்துக்கும் அதிகம். ஆகவே வாசகத்தின் பின்பாதி உண்மை, முன்பாதி கட்டுக்கதை. 1979இல் பாவ்ஆன் என்ற வட்டத்தின் பெயரை மாற்றித்தான் ஷென்ஜென் மாநகரம் அறிவிக்கப்பட்டது. அந்த வட்டத்தில் அப்போதே மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர், நூற்றுக்கணக்கான ஊர்களில், நெல்லும் காய்கறியும் பயிரிட்டும் சிப்பி வளர்த்தும் மீன்பிடித்தும் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். ஷென்ஜென் என்ற பெயரே கான்டன்–கவுலூன் ரயில் பாதையில் இருந்த சந்தை ஊரொன்றுக்கு உரியது. மேற்கே நான்தோவ், நூற்றாண்டுகளாக வட்டத் தலைமையகமாக விளங்கிய மதில் சூழ்ந்த ஊர். கிழக்கே தாபெங் கோட்டை 1394இல் மிங் அரசு கட்டியது. மீன்பிடிக் கிராமக் கதைக்கு ஊற்றுக்கண்களில் ஒன்று யூமின் என்ற சின்னஞ்சிறு குடியிருப்பு. படகுகளிலேயே வாழ்ந்த ‘தான்’ என்ற சமூகத்தினர் கரையேறிக் குடியமர்ந்த இடம் அது. 1984 ஜனவரியில் சீனத் தலைவர் தெங் ஷியாவோபிங் அங்கே ஒரு வீட்டுக்குள் சென்று குடும்ப வருமானத்தை விசாரித்தார். அந்தச் சந்திப்பு நாடெங்கும் பரவ, ஒரு குடியிருப்பின் கதை நகரம் முழுவதன் கதையாகிவிட்டது.

இது வெறும் வரலாற்றுப் பிழையாக இருந்தால் ஓர் அடிக்குறிப்போடு விட்டுவிடலாம். ஆனால் இந்தக் கதைக்கு ஒரு பயன் உண்டு. நிலம் வெறுமையாக இருந்தது என்று சொல்லிவிட்டால், அதன்மேல் எழுந்த அனைத்தும் திட்டமிட்டவர்களின் கணக்கில் சேர்ந்துவிடும். முன்பே இருந்த ஊர்களும் அவற்றின் மனைகளில் பின்னால் முளைத்த கட்டடங்களும் திட்டத்தின் மீது படிந்த அழுக்காகத் தெரியும். அழுக்கைத் துடைப்பது இயல்பான வேலையாகிவிடும். என் வாதம் இதற்கு நேர் எதிரானது. ஷென்ஜென்னின் திட்டமிட்ட பகுதியும், ‘நகருக்குள் கிராமம்’ என்று சீனர்கள் சொல்லும் திட்டமிடாத பகுதியும் ஒன்றையொன்று பகைத்து வளரவில்லை. முன்னது அகன்ற சாலைகளோடும் கண்ணாடிக் கோபுரங்களோடும் எழ முடிந்ததே, அதைக் கட்டியவர்களுக்கும் நடத்தியவர்களுக்கும் குடியிருக்க இடம் தரும் செலவைப் பின்னது சுமந்ததால்தான். எனவே அந்தக் கிராமங்களை இடிப்பதை அழகுபடுத்தும் பணியாக மட்டும் கருத முடியாது. நகரத்தை இயக்கிய பொறியமைவு ஒன்றைக் கழற்றி வெளியே வைக்கும் பணியும் அதில் இருக்கிறது.

இந்தப் பொறியமைவு நிலச் சட்டத்தில் பிறந்தது. சீனாவின் 1982ஆம் ஆண்டு அரசியல் சாசனம் நகர நிலம் அரசுக்குச் சொந்தம், ஊரக நிலம் அந்தந்த ஊரின் கூட்டுடைமை என்று இரண்டாகப் பிரிக்கிறது. 1980 ஆகஸ்டில் 327.5 சதுர கிலோமீட்டரில் சிறப்புப் பொருளாதார மண்டலம் அமைக்கப்பட்டபோது புதிய நிர்வாகத்தின் கையில் பணம் சொற்பம். சாலைக்கும் தொழிற்சாலைக்கும் வயல்கள் தேவைப்பட்டன, எடுத்துக்கொண்டார்கள். வீட்டு மனைகளையும் எடுத்திருந்தால் மாற்று வீடு, மாற்று வேலை, நகரக் குடியுரிமை என்று எல்லாவற்றையும் கொடுத்தாக வேண்டும். அதைத் தவிர்க்க மனைகளைத் தொடாமல் விட்டார்கள். நம் ஊர்க் கிராம நத்தத்தை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள நஞ்சையை மட்டும் கையகப்படுத்தியதாகக் கற்பனை செய்துகொண்டால் வரைபடம் ஏறத்தாழ சரியாக வரும். ஊருக்கு வயல் போயிற்று, மனை நின்றது. பயிர் செய்ய இயலாத விவசாயியிடம் எஞ்சியிருந்த ஒரே முதல், வீடு கட்டும் உரிமை. 1992இல் மண்டலத்துக்குள் இருந்த கிராமங்களும் 2004இல் எஞ்சியவையும் நிர்வாகரீதியாக நகரமாக்கப்பட்டன. கிராமக் கூட்டுறவுகள் பங்கு நிறுவனங்களாயின, குடியானவர்கள் பங்குதாரர்களாயினர். காகிதத்தில் ஷென்ஜென் கிராமமே இல்லாத நகரம். தரையிலோ சுமார் முந்நூறு கிராமங்கள் அதே இடத்தில், அதே குலப்பெயர்களோடு, கோயிலும் மூதாதையர் மண்டபமும் கலையாமல் நின்றன.

அந்த மனைகளில் எழுந்த கட்டடத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். கட்டடக்கலைப் புத்தகங்களில் அதற்கு இடம் கிடைப்பதில்லை; ஆனால் ஷென்ஜென் உண்மையில் கண்டுபிடித்த கட்டட வகை அதுதான். மனை ஏறத்தாழ பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். அடித்தளமும் தூண்களும் கான்கிரீட். முதல் மாடியிலிருந்து ஒவ்வொரு தளமும் சுவரைத் தாண்டிச் சந்தின் மேல் நீண்டிருக்கும்; எதிர்வீட்டுக்காரரும் அப்படியே நீட்டியிருப்பார். கீழே இரண்டு மூன்று மீட்டர் அகலமுள்ள சந்து மேலே போகப்போகக் கையெட்டும் தூரமாகச் சுருங்கும். ‘கைகுலுக்கும் வீடுகள்’ என்ற பட்டப்பெயர் வந்தது அதனால்தான். வெளியே வெள்ளை ஓடு பதித்திருக்கும், ஜன்னல்தோறும் இரும்புக் கிராதி, அதில் தொங்கும் துணிகள், தலைக்கு மேல் பின்னிக் கிடக்கும் கம்பிகள். பகலிலும் சந்துக்குள் விளக்கு எரியும். தரைத்தளம் முழுக்கக் கடை: ஹுனான் சமையல், சாவி செய்பவர், கைப்பேசி பழுது பார்ப்பவர், பழக்கடை. வாசல் கதவில் ஒட்டிய சிவப்புத் தாளில் ‘ஓர் அறை, ஒரு கூடம்’ என்று எழுதி ஒரு தொலைபேசி எண். ஒன்றிரண்டு மாத முன்பணத்தைக் கொடுத்துவிட்டால் அன்று மாலையே குடியேறிவிடலாம். எத்தனை மாடி என்பதை 1980களின் விதிகள் மூன்று என்று வரையறுக்கப் பார்த்தன. பிறகு வந்த ஒவ்வொரு கட்டுப்பாடும், அமலாவதற்குள் முடிந்த மட்டும் உயர்த்திவிட வேண்டும் என்ற அவசரத்தைத்தான் கிளப்பிவிட்டது. மூன்று ஆறாகி எட்டாயிற்று. சில இடங்களில் மின்தூக்கியோடு பத்தைத் தாண்டியது.

இவற்றில் வாழ்ந்தவர்கள் நகர மக்கள்தொகையில் ஏறத்தாழ பாதி என்று மதிப்பிடப்படுகிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு ஹுகோவ் என்னும் குடும்பப் பதிவு சிச்சுவானிலோ ஹுனானிலோ குவாங்ஷியிலோ இருக்கும் சொந்த ஊரில்தான். நகரம் அவர்களுடைய உழைப்பை எதிர்பார்த்தது, குடியிருப்பை எதிர்பார்க்கவில்லை. ஆலைக்குள் இருப்பவர்களுக்கு விடுதிகள் இருந்தன. ஆனால் கல்யாணமானவர்கள், குழந்தையோடு வந்தவர்கள், ஆலையை விட்டு வேறு வேலை தேடுபவர்கள், உணவகத்தில் பாத்திரம் கழுவுபவர்கள், காவலாளிகள், முதல் மாதச் சம்பளம் வாங்காத இளம் பட்டதாரிகள் ஆகிய எவருக்கும் திட்ட வரைபடத்தில் வீடு கிடையாது. இந்நகரைக் கட்டவே கொண்டுவரப்பட்டு 1983இல் படையிலிருந்து விடுவிக்கப்பட்ட சுமார் 20,000 பொறியியல் படைவீரர்கள்கூடத் தொடக்கத்தில் மூங்கில் கொட்டகைகளில்தான் தங்கினார்கள். 53 மாடி குவோமாவ் கட்டடம் மூன்று நாளைக்கு ஒரு தளமாக எழுந்து 1985இல் முடிந்ததைச் சீனா இன்றும் ‘ஷென்ஜென் வேகம்’ என்று கொண்டாடுகிறது. அந்த வேகத்தில் வேலை செய்தவர்கள் ராத்திரி எங்கே படுத்தார்கள் என்ற கேள்வி கொண்டாட்டத்தில் இடம்பெறுவதில்லை.

1987 டிசம்பர் 1 அன்று நடந்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். மக்கள் சீனக் குடியரசின் முதல் பகிரங்க நில ஏலம் ஷென்ஜென்னில் நடந்தது. 8,588 சதுர மீட்டர் மனையின் ஐம்பதாண்டுப் பயன்பாட்டு உரிமை 52 லட்சத்து 50 ஆயிரம் யுவானுக்குப் போயிற்று. நில உரிமையை விற்பதற்குச் சாசனத்தில் அப்போது இடமே இல்லை. ஏலம் முடிந்து சில மாதங்கள் கழித்து, 1988 ஏப்ரலில், சாசனம் திருத்தப்பட்டது. அன்றுமுதல் நகர நிலத்துக்கு விலை உண்டு, அந்த விலை ஏறவும் செய்யும். அரசு வசமுள்ள மனையில் கூலித் தொழிலாளிக்கு வீடு கட்டுவது இனிமேல் வருமானத்தை இழப்பதாகிறது. ஏலத்துக்கு வராத நிலம் கிராம மனை ஒன்றுதான். சந்தை விலை அங்கே முழுமையாக நுழைய முடியவில்லை. பத்திரம் கிடையாது, வங்கிக் கடன் கிடையாது, சட்டப்படி வெளியாளுக்கு விற்க முடியாது. உடைமையின் இந்தக் குறைபாடே வாடகையைக் கீழே வைத்திருந்தது. வாடகை கீழே இருந்ததால் கூலி கீழே இருந்தது. கூலி கீழே இருந்ததால் ஆலைகள் வந்தன. ஏற்றுமதிப் பொருளாதாரத்தின் கணக்குப் புத்தகத்தில் ஏறாத மானியம் இது. அதைக் கொடுத்தவர்கள் வள்ளல்கள் அல்ல, வாடகை வருமானத்துக்காகச் சட்டத்தை மீறிக் கட்டியவர்கள். நோக்கத்துக்கும் விளைவுக்கும் இவ்வளவு தூரம் இருப்பதைக் கண்டு முகம் சுளிக்கத் தேவையில்லை. நகரங்கள் பலவும் இப்படித்தான் உருவாகியிருக்கின்றன.

திட்டத்தின் பங்கை இது குறைத்து மதிப்பிடுகிறது என்று ஆட்சேபிக்கலாம். அந்த ஆட்சேபத்தில் நியாயம் உண்டு. 1986ஆம் ஆண்டின் பெருந்திட்டம் எல்லாவற்றையும் ஒரே மையத்தில் குவிக்காமல், கிழக்கு மேற்காக நீளும் சாலை நெடுக, இடையிடையே பசுமைப் பட்டைகளோடு, தனித்தனிக் கொத்துகளாக நகரை அமைத்தது. இவ்வளவு விரைவாக வளர்ந்த நகரம் ஒன்று இவ்வளவு மரங்களோடு இருப்பதற்கு அந்த முடிவுதான் காரணம். 2005இல் நகர நிலப்பரப்பில் ஏறத்தாழ பாதியை, 974 சதுர கிலோமீட்டரை, கட்டடம் எழுப்பக் கூடாத சூழல் காப்பு எல்லைக்குள் கொண்டுவந்ததும் சாதாரணச் செயலல்ல. திறமையான திட்டம் என்பதை மறுக்க வேண்டியதில்லை. நான் சொல்வது, அந்தத் திறமை எதைப் பார்த்தது, எதைப் பார்க்கவில்லை என்பதைத்தான். பசுமைப் பட்டைக்கு இடம் ஒதுக்க முடிந்ததற்கு ஒரு காரணம், பல லட்சம் பேரின் குடியிருப்புக்கு இடம் ஒதுக்க வேண்டிய கட்டாயம் இல்லாதது. பார்க்காமல் விட்டது வேறு வடிவங்களிலும் திரும்பி வந்திருக்கிறது. சுரங்க ரயிலுக்கும் கோபுர அடித்தளங்களுக்கும் தோண்டிய மண்ணை வடமேற்கே குவாங்மிங்கில் ஒரு பழைய கல்குவாரிக்குள் மலையாகக் குவித்தார்கள். 2015 டிசம்பர் 20 அன்று அது சரிந்து 33 கட்டடங்களை மூடியது. 73 பேர் இறந்தார்கள், நால்வர் காணாமற்போனார்கள். புதைந்தவை ஆலைகளும் தொழிலாளர் விடுதிகளும். அழகிய மையத்தின் செலவு எந்த ஓரத்தில் வந்து விழுகிறது என்பதற்கு இதைவிட அப்பட்டமான சான்றைத் தேட வேண்டியதில்லை.

இடிப்பு பெருமளவில் தொடங்கியது 2009இல் நகரப் புதுப்பிப்பு விதிகள் வந்த பிறகு. அதற்கு முன்பே பாதை போட்டவை மையத்தில் இருந்த கிராமங்கள். லுவோஹு மாவட்டத்தில் சாய்வூவெய் கிராமத்தின் பழைய பகுதி இருந்த இடத்தில் 2011இல் 441.8 மீட்டர் உயரமுள்ள கேகே100 கோபுரம் எழுந்தது. வடிவமைத்தது பிரிட்டிஷ் கட்டடக்கலைஞர் டெர்ரி ஃபாரல் நிறுவனம். அதே கிராமத்தில் 2007இல் ஒரு தம்பதி வீட்டைக் காலிசெய்ய மறுத்து நின்று ஒரு கோடி யுவானுக்கு மேல் இழப்பீடு பெற்றது சீனா முழுக்கப் பேச்சாயிற்று. ஃபூத்தியான் மாவட்டத்தின் புதிய வணிக மையத்தை ஒட்டியிருந்த காங்ஷியா கிராமமும் இப்படித்தான் கரைந்தது. 599 மீட்டர் பிங்ஆன் கோபுரம் நிற்பது அந்த வணிக மையத்தில்தான். முறை எங்கும் ஒன்றே. கட்டுமான நிறுவனம் கிராமப் பங்கு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடும். ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் இருந்த கட்டடப் பரப்புக்கு ஈடாகப் புதிய அடுக்ககத்தில் பரப்போ பணமோ கிடைக்கும். எஞ்சிய தளங்களை விற்று நிறுவனம் லாபம் பார்க்கும். முன்னாள் விவசாயி வாடகைக்கு விடும் வீட்டுக்காரர் என்ற நிலையிலிருந்து கோடீஸ்வரராக உயர்கிறார். சீன நில எடுப்பைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் ‘அரசு பறித்தது, குடியானவன் அழுதான்’ என்ற சித்திரம் இங்கே செல்லாது. ஷென்ஜென் கிராமத்தார் பேரம் பேசத் தெரிந்தவர்கள், நன்றாகவே பேசினார்கள்.

பேச்சுவார்த்தை மேசையில் இல்லாதவர் யார் என்று பார்த்தால்தான் விஷயம் விளங்கும். நான்ஷான் மாவட்டத்தில், ‘உலகத்தின் ஜன்னல்’ என்ற கேளிக்கைப் பூங்காவுக்கு எதிர்ப்புறம், பாய்ஷிஜோவ் என்ற ஐந்து கிராமங்களின் தொகுதி இருந்தது. சுமார் 0.6 சதுர கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர். பக்கத்தில் மென்பொருள் நிறுவனங்கள் இருக்கும் அறிவியல் பூங்கா. அங்கே வேலைக்குச் சேர்ந்த இளைஞர்களின் முதல் முகவரி பெரும்பாலும் இதுதான். 2019 கோடையில் கட்டடம் கட்டடமாகக் காலிசெய்யச் சொல்லி அறிவிப்பு ஒட்டினார்கள். வீட்டுக்காரர்கள் பல ஆண்டுகள் பேரம் பேசி முடித்திருந்தார்கள். வாடகைக்காரர்களுக்குக் கிடைத்தது சில வார அவகாசம். வெளியூர்ப் பதிவுள்ள பெற்றோர் குழந்தையை அரசுப் பள்ளியில் சேர்க்க அந்தப் பகுதியில் வாடகை ஒப்பந்தம் இருப்பதைக் காட்ட வேண்டும். வீடு போனால் பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே நகரத்தின் பாதி நீளம் வந்து நிற்கும். ஆயிரக்கணக்கான மாணவர்களின் பெற்றோர் எழுப்பிய கேள்வி இழப்பீட்டைப் பற்றியது அல்ல, பள்ளியாண்டு முடியும்வரை பொறுக்கக் கூடாதா என்பதுதான். ஒன்றரை லட்சம் பேர் வாழ்ந்த இடத்தின் எதிர்காலத்தை முடிவுசெய்த ஒப்பந்தங்களில் அவர்களில் மிகப் பெரும்பாலோரின் கையெழுத்துக்கு இடம் இருக்கவில்லை.

நிலம் போதவில்லை, ஆகவே அடர்த்தியாகக் கட்டித்தான் தீர வேண்டும் என்று திட்டமிடுவோர் சொல்வார்கள். பாதி நிலத்தைக் காப்பு எல்லைக்குள் வைத்துவிட்ட நகரில் இது வலுவான வாதமாகத் தெரிகிறது. ஆனால் பாய்ஷிஜோவின் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள்: சதுர கிலோமீட்டருக்கு இரண்டரை லட்சம் பேர். உலகத்தில் எந்தக் கோபுரக் குடியிருப்பு இதை விஞ்சும்? இடித்துக் கட்டும்போது கட்டடப் பரப்பு பல மடங்காகப் பெருகுகிறது, குடியிருக்கும் தலைகளின் எண்ணிக்கை குறைகிறது. பதினைந்து சதுர மீட்டரில் ஒரு தம்பதி இருந்த இடத்தில் நூறு சதுர மீட்டரில் ஒரு குடும்பம் வரும். முதலீடாக வாங்கப்பட்டுப் பூட்டிக் கிடக்கும் வீடுகளும் வரும். அங்கே எழுந்த புதிய அடுக்ககங்கள் சதுர மீட்டர் ஒரு லட்சம் யுவானை ஒட்டிய விலைக்குச் சந்தைக்கு வந்தன. அடர்த்தி என்ற சொல்லைச் சிமெண்டை வைத்து அளக்கிறோமா, ஆட்களை வைத்தா என்பதை முதலில் தெளிவாக்கிவிட்டுத்தான் இந்த வாதத்தை முன்வைக்க வேண்டும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம், இந்த வீடுகள் ஆபத்தானவை என்பது. தீயணைப்பு வண்டி நுழைய முடியாத சந்து, வெளியேற ஒரே படிக்கட்டு, ஜன்னலை அடைத்த இரும்புக் கிராதி, படிக்கட்டடியில் மின்னேற்றம் செய்யப்படும் மின்சார மிதிவண்டிகள். வெயில் படாத அறையில் வளரும் குழந்தையின் உடல்நலத்தை ‘நகரத்தின் உயிர்த்துடிப்பு’ என்ற சொற்றொடரால் ஈடுகட்டிவிட முடியாது. நகருக்குள் கிராமங்களைப் புகழும் கட்டடக்கலைஞர்களில் பலர் அங்கே ஒரு மாதம்கூடத் தங்கமாட்டார்கள் என்று யாராவது கேலி செய்தால் அதையும் ஏற்கத்தான் வேண்டும். ஆனால் இவை குடிசைகள் அல்ல என்பதை மறந்துவிடக் கூடாது. கான்கிரீட் சட்டகம், குழாய்த் தண்ணீர், மின்சாரம், தனிக் கழிவறை எல்லாம் உள்ள கட்டடங்கள், திருத்தக் கூடியவை. ஃபூத்தியானின் ஷுய்வெய் கிராமத்தில் 29 கட்டடங்களை இடிக்காமலேயே 504 குடியிருப்புகளாக மாற்றி 2017இல் முடித்தார்கள். சந்துகளுக்கிடையே மின்தூக்கிகளை நிறுத்தி, ஐந்தாம் மாடி உயரத்தில் கட்டடங்களை நடைபாலங்களால் இணைத்து, தீத்தடுப்பையும் வெளியேறும் வழியையும் சரிசெய்தார்கள். குலுக்கக் கைநீட்டிய வீடுகளுக்கு நடுவே பாலம் போட்டதை ஷென்ஜென்னின் எந்தக் கோபுரத்தையும்விட நுட்பமான கட்டடக்கலை என்றே மதிப்பிடுகிறேன்.

இருந்தாலும் அந்த வெற்றிக்குள்ளேயே சிக்கல் இருக்கிறது. திருத்திய ஷுய்வெய் வீடுகள் ‘திறனாளர் குடியிருப்பு’ ஆயின. தகுதியுள்ள பட்டதாரிகளுக்கு மானிய வாடகையில் கிடைத்தன. முன்பு அங்கிருந்தவர்கள் வேறிடம் பார்த்துக்கொண்டார்கள். 2017இல் வான்கே என்ற பெரும் கட்டுமான நிறுவனம் கிராமக் கட்டடங்களை மொத்தமாக நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்துச் செப்பனிட்டு வாடகைக்கு விடும் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே, ஃபாக்ஸ்கான் ஆலைக்கு அருகிலுள்ள சிங்ஹு கிராமத்தில் வாடகை ஏறிவிடும் என்று அஞ்சிய தொழிலாளர்கள் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். நான்தோவ் மதில் ஊரில் 2017இல் நகரியல்–கட்டடக்கலை ஈராண்டு விழா நடந்தது. வேற்றுமைகளோடு வளரும் நகரத்தைப் போற்றிய அந்த விழாவுக்குப் பிறகு வந்த சீரமைப்பில் பிரதான தெரு காப்பிக் கடைகளும் பரிசுப்பொருள் கடைகளுமாக மாறியது. ஆக, இடிப்பதும் திருத்துவதும் எதிரெதிர்த் துருவங்கள் அல்ல. இரண்டிலும் வாடகைக்காரர் வெளியேற வேண்டியிருந்தால், அவரைப் பொறுத்தவரை வித்தியாசம் தூசியின் அளவில்தான்.

அரசே வீடு கட்டிக்கொடுத்தால் இந்த முறைசாராக் கிராமங்கள் எதற்கு என்ற கேள்வியும் உண்டு. ஷென்ஜென் இதில் சும்மா இருக்கவில்லை. 2018இல் வெளியிட்ட கொள்கையில் 2035க்குள் 17 லட்சம் வீடுகள், அவற்றில் 10 லட்சமாவது அரசு ஆதரவு பெற்றவை என்று இலக்கு வைத்தது. சீன நகரங்களில் இது துணிச்சலான இலக்கு. ஆயினும் பொது வீட்டுக்கு வரிசை உண்டு. வரிசையில் நிற்க ஹுகோவோ, பட்டமோ, இத்தனை ஆண்டு சமூகக் காப்பீட்டுக் கட்டணமோ வேண்டும். நேற்று ரயிலிறங்கியவர், மாதச் சம்பளம் இல்லாதவர், நாளைக்கு வேலை மாறப்போகிறவர் ஆகியோருக்கு அந்த வரிசையின் கடைசி இடம்கூடக் கிடையாது. கிராமத்து வீடு கேட்டது முன்பணத்தை மட்டும். யார், எங்கிருந்து, என்ன படிப்பு என்று கேட்காமல் அன்று மாலையே கதவைத் திறந்துவிடும் வீட்டு ஏற்பாட்டை எந்த வீட்டு வசதித் துறையும் இதுவரை வடிவமைத்ததாகத் தெரியவில்லை. அரசு வீடுகள் தேவையே. ஆனால் அவை நிரப்புவது வேறொரு இடைவெளியை.

இதையெல்லாம் நகர நிர்வாகம் உணரவில்லை என்று சொன்னால் அது அநியாயம். 2019இல் வெளிவந்த திட்டம் 2025வரைக்குமாகக் கிராம நிலத்தில் 55 சதுர கிலோமீட்டரை, பாதிக்கும் மேற்பட்ட பரப்பை, இடிக்காமல் செப்பனிட மட்டுமே வேண்டிய பகுதி என்று ஒதுக்கியது. நாற்பதாண்டுகளில் முதன்முறையாக இந்தக் கிராமங்கள் நகருக்குத் தேவையானவை என்பதை அதிகாரபூர்வ வரைபடம் ஒன்று ஒப்புக்கொண்டது. பிறகு சந்தையே அந்த முடிவுக்கு வலுச்சேர்த்தது. இடித்துக் கட்டும் கணக்கு முழுக்க வீட்டு விலை ஏறிக்கொண்டே போகும் என்ற நம்பிக்கையில் நின்றது. 2021இல் எவர்கிராண்ட் என்ற பெரும் கட்டுமான நிறுவனம் கடனைத் திருப்பித்தர முடியாமல் விழுந்தபோது அந்த நம்பிக்கையும் விழுந்தது. ஷென்ஜென்னின் சொந்த நிறுவனமான வான்கே 2024இல் ஏறத்தாழ 4,950 கோடி யுவான் நட்டம் காட்டியது. 2023 ஜூலையில் மத்திய அரசு பெருநகரக் கிராமங்களைச் சீரமைக்க வழிகாட்டுதல் வெளியிட்டபோது, தனியார் லாபம் இழுத்துச்சென்ற வண்டியை இனி பொதுப்பணம் இழுக்க வேண்டியிருக்கும் என்பது வெளிப்படையாகவே தெரிந்தது.

பொதுப்பணம் வரும் என்றால் பேரத்தின் விதிகளையும் மாற்ற இதுவே தருணம். 2021 மார்ச்சில் அமலான ஷென்ஜென்னின் புதுப்பிப்புச் சட்டம், 95 விழுக்காடு சொத்துரிமையாளர்கள் சம்மதித்துவிட்டால் எஞ்சியவர்களின் கட்டடத்தைப் பொதுநலன் கருதி அரசு எடுத்துக்கொள்ள வழிசெய்கிறது. ஒற்றை வீட்டுக்காரர் முரண்டு பிடித்து எல்லாவற்றையும் நிறுத்திவைக்கும் பழைய சிக்கலுக்கு இது தீர்வு. அந்த அளவில் சரியானதே. ஆனால் சதவீதம் கணக்கிடப்படும் பட்டியலில் இருப்பவர்கள் உரிமையாளர்கள் மட்டும். பத்தில் ஒன்பது பேர் வாடகைக்கு இருக்கும் இடத்தில் 95 விழுக்காடு சம்மதம் என்பது மக்கள்தொகையில் பத்து விழுக்காட்டை எட்டாமலே நிறைவேறிவிடும். வாடகைக்காரருக்கு வாக்குரிமை கொடுத்தால் எந்தத் திட்டமும் நகராது என்று நிர்வாகிகள் அஞ்சுவது புரிகிறது. வாக்குரிமைக்குக் குறைந்த ஏற்பாடுகள் உண்டு: பள்ளியாண்டு முடியும்வரை அவகாசம், இடமாற்றச் செலவு, இடிக்கும் அறைகளின் எண்ணிக்கைக்கு ஈடாக அதே மாவட்டத்தில் அதே வாடகைத் தரத்தில் அறைகள் இருக்கின்றனவா என்ற கட்டாயக் கணக்கெடுப்பு. கடைசியாகச் சொன்னதற்குச் செலவு மிகக் குறைவு. மாடிகளையும் சதுர மீட்டர்களையும் ஒன்றுவிடாமல் எண்ணும் நகரம் அது. வாடகை அறைகளை எண்ண அதற்குத் தெரியாது என்று யாரும் நம்பப்போவதில்லை.